யோசேவ் வாஸ் அடிகளாரும் ஒல்லாந்தர்காலக் கத்தோலிக்கமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் நடைபெற்ற திருப்பலியிற் பாப்பரசர் பிரான்சிஸ், யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். இலங்கைத் திருச்சபைக்குக் கிடைத்த முதற் புனிதர் இவரே. அடிகளார் கண்டியிற் காலமானது 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதியாகும். மரணத்துக்கும் இப்பிரகடனத்துக்கும் இடையில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. இவ்விடைவெளியே ஆராய்வுக்குரிய ஒரு வரலாற்றுப் பிரச்சினையாகும்.

அடிகளாரைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை பக்தி நோக்கிலே அமைந்தவை. செபஸ்தியான் தொ றேகோ என்னும் கோவாக் குரு போர்த்துக்கேய மொழியில் எழுதி, 1745இல் லிஸ்பன் நகரில் வெளியான வரலாறே பிற்காலத்தார் பலருக்கும் மூலமாயிற்று. அற்புதங்களும் தவ ஒழுக்கமும் அந்நூலில் முதலிடம் பெறுகின்றன. இதற்கு எதிர்முனையில் இன்னொரு நோக்கும் உண்டு. கத்தோலிக்கம் பீரங்கியோடு வந்திறங்கிய சமயம். அதன் வரலாறு குடியேற்றவாதத்தின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் மாத்திரமே என்பது அந்நோக்கு. 16ஆம் நூற்றாண்டைப் பொறுத்தவரை இதிற் கணிசமான உண்மையுண்டு. ஆயின் பீரங்கி போன பின்னரும் சமயம் நின்றதேன் என்ற வினாவுக்கு இந்நோக்கு விடை தருவதில்லை. அரசின் ஆதரவை இழந்து, அரசினால் வேட்டையாடப்பட்ட ஒரு சமயம் மக்களிடையே எவ்வாறு உயிர்வாழ்ந்தது என்பதை அடிகளாரின் வாழ்வினூடாக விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒல்லாந்தர் தடையும் இரட்டை வாழ்வும்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656இற் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலங் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமென 1658இலேயே கட்டளை பிறந்தது. யாழ்ப்பாணத்துப் பங்குகள்தோறும் போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. இம்மாற்றத்தின் முதற்கட்டத்தை அங்கு பணியாற்றிய பிலிப்பு பால்டேயுஸ் என்னும் போதகர் 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட தமது நூலில் விரிவாகப் பதிந்துள்ளார்.

இத்தடை சமயவெறியின் விளைவு மாத்திரம் அன்று. போர்த்துக்கேயர் மீண்டும் வரக்கூடும் என்ற அச்சம் கம்பனிக்கு நெடுங்காலம் இருந்தது. கத்தோலிக்கர் ஒவ்வொருவரும் எதிரியின் இரகசிய ஆதரவாளராகவே அதன் கண்ணுக்குத் தென்பட்டனர். அத்துடன், பள்ளிக்கூடமும் கோயிலும் கம்பனியின் நிருவாக உறுப்புக்களாகவும் விளங்கின. ஞானஸ்நானம், விவாகம் முதலியவற்றைப் பள்ளிக்கூட உபாத்தியாயரே தோம்பிற் பதிந்தார். பிள்ளையின் சட்டபூர்வமான தகுதியும் முதுசத்தின் மீதான உரிமையும் அப்பதிவிலே தங்கியிருந்தன. முதலியார் முதலான உத்தியோகங்களுக்கும் சீர்திருத்தத் திருச்சபையின் உறுப்புரிமை வேண்டப்பட்டது.

இதனால் மக்கள் இரட்டை வாழ்வொன்றை மேற்கொண்டனர். பகலில் ஒல்லாந்தக் கோயிலிற் பெயரைப் பதிந்தனர். இரவில் வீட்டினுள் செபமாலை சொல்லினர். இதனை வெறும் கபடம் எனக் கொள்ளுதல் தவறாகும். காணியையும் வழிபாட்டையும் ஒருங்கே காப்பாற்ற முயன்ற மக்களின் தற்காப்பு முறையாகவே இதனைக் கருதல் வேண்டும். மன்னார்ப் பகுதியில் மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவம் ஒல்லாந்தருக்கு அஞ்சிய குடும்பங்களாற் காட்டினுள் கொண்டுசெல்லப்பட்டு, ஈற்றில் மருதமடுவைச் சேர்ந்தது என்னும் மரபும் இக்காலத்து அனுபவத்திலிருந்தே பிறந்ததாகும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்மக்கள் நிரந்தரக் குருமாரின்றியே வாழ்ந்தனர். யோசேவ் வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தபோது சமயமொன்றைப் புதிதாக விதைக்கவில்லை. மக்கள் மறைத்து வைத்திருந்த ஒன்றையே கண்டெடுத்தார். அவரது பணியை மதிப்பிடுவதற்கு இவ்வுண்மை அடிப்படையானது.

2. கோவாவின் சுதேசக் குருமார்

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் திகதி கோவாவின் சல்செட் பகுதியிலுள்ள பெனாவ்லிம் என்ற ஊரிற் பிறந்தார். அதுவே அவருடைய தாயின் ஊராகும். கிறித்தவத்தைத் தழுவிய கொங்கணிப் பிராமணக் குடும்பம் அவருடையது. 1676இற் குருத்துவ அபிடேகம் பெற்றார்.

அக்காலக் கோவாவில் ஒரு சுதேசி குருவாகலாம். ஆயின் குருத்துவத்திலும் படிநிலை இருந்தது. இயேசு சபை, பிரான்சிஸ்குச் சபை முதலிய ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைத் தம்முள் ஏற்றுக்கொள்வதைப் பொதுவாகத் தவிர்த்தன. கல்வியும் ஒழுக்கமும் உடையவராயினும் சுதேசக் குருமார் துணைப்பணிகளுக்கே உரியவராக மதிக்கப்பட்டனர். இந்நிலையிற் பழைய கோவாவிலுள்ள அற்புதச் சிலுவைக் கோயிலிற் சுதேசக் குருமார் சிலர் கூடிவாழத் தொடங்கியிருந்தனர். கன்னடக் கரையிற் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய யோசேவ் வாஸ் 1685இல் அவர்களோடு சேர்ந்தார். அவ்வாண்டே அவர்களின் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார். புனித பிலிப்பு நேரியின் ஒறற்றோரியன் முறையை இக்குழு தழுவிக்கொண்டது. ஐரோப்பிய சபைகள் கதவை அடைத்தமையால் சுதேசிகள் தாமே அமைத்துக்கொண்ட சபையென இதனைக் கூறலாம்.

ஆயின் இச்சபையின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. நிறபேதத்தினால் ஒதுக்கப்பட்டோர் அமைத்த இச்சபை பிராமணக் குடும்பங்களிற் பிறந்த குருமாரையே தன் உறுப்பினராகக் கொண்டிருந்தது. மேலிருந்து வந்த ஒதுக்கலை எதிர்த்தவர்கள் கீழ்நோக்கித் தாம் செய்த ஒதுக்கலை உணரவில்லை. போர்த்துக்கல் அரசனுக்குப் பாப்பரசர் வழங்கியிருந்த ‘பதுரவாதோ’ என்னும் சமய மேலாட்சி உரிமையையும் அவர்கள் கேள்விக்குட்படுத்தவில்லை. அடிகளாரைக் குடியேற்றவாத எதிர்ப்பு வீரராகச் சித்திரிப்பது பொருந்தாது. அவர் தமது காலத்தின் மனிதர். அக்காலத்தின் எல்லைகள் அவருக்கும் இருந்தன.

3. யாழ்ப்பாணம்: கூலிக்காரன் வேடத்தில் ஒரு குரு

1686இல் தலைமைப் பதவியை நீத்து அடிகளார் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ஜோவான் என்னும் பணியாளர் அவரோடு சென்றார். 1687ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தூத்துக்குடியிலிருந்து கடலேறிய இருவரும், புயலில் அலைக்கழிந்து, பெரும் துன்பத்தின் பின்னர் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். அரையிற் துணியுடன் கூலிக்காரர் கோலத்திலே அவர்கள் வந்தனர்.

ஐரோப்பியக் குருவொருவருக்கு இவ்வழி அடைபட்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அவருடைய நிறமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கோவாவில் எந்தத் தோல் நிறம் ஒரு குருவைத் தாழ்த்தியதோ, அதுவே யாழ்ப்பாணத்தில் அவருக்குப் பாதுகாப்பாயிற்று. பேரரசின் சபைகளாற் செய்யமுடியாத பணி அப்பேரரசு தாழ்வாக நோக்கிய மனிதனாற் செய்யப்பட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

யாழ்ப்பாணம் வந்ததும் அடிகளார் கடும் வயிற்றுளைவினாற் பீடிக்கப்பட்டார். தெருவோரத்திற் கிடந்த அவருக்குப் பெண்ணொருத்தி கஞ்சி வார்த்துக் காப்பாற்றினாள் என்பர். வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறுகளில் அவள் பெயரற்றவளாகவே வருகின்றாள். சுகமடைந்த பின்னர், கழுத்திற் செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு முகம் மாறுவோர் யாவர் எனக் கவனித்தார். இவ்வாறே மறைந்திருந்த கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார். அவர்களும் அவரை இனங்கண்டனர். பின்னர் சில்லாலை அவரது பணியின் நிலைக்களமாயிற்று. அங்கிருந்து இரவு வேளைகளில் ஊர்தோறுஞ் சென்று பூசை செய்தும் ஞானஸ்நானம் வழங்கியும் வந்தார்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவன்று, பூசைக்குக் கூடிய மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துப் பலரைக் கைதுசெய்தனர். அடிகளார் தப்பிவிட்டார். முதன்மையானோர் எண்மர் கடுந்தண்டனைக்கு உள்ளாயினர். அவருள் தொன் பேதுரு என்பவர் அடியினால் உயிர்துறந்தார். ஏனையோர் விலங்கிடப்பட்டுக் கோட்டை வேலைக்கு அனுப்பப்பட்டனர்.

இந்நிகழ்ச்சி எமது கவனத்துக்கு உரியது. குரு தப்புவதற்கான விலையை மக்களே செலுத்தினர். வீடுகளைத் திறந்துவிட்டோரும், செய்தி காவிச் சென்றோரும், பிடிபட்டபோது வாய் திறவாதிருந்தோரும் இல்லையேல் அடிகளாரின் பணி ஓராண்டேனும் நிலைத்திராது. ஒருவரைப் புனிதர் என்பது சமய மொழி. வரலாற்று மொழியில் அப்பெயர் ஒரு கூட்டு முயற்சியையே குறிக்கின்றது.

4. கண்டி அரசனின் நிழலில்

யாழ்ப்பாணத்தில் தொடர்ந்திருப்பது இயலாதாகவே அடிகளார் 1690இற் புத்தளத்துக்குச் சென்றார். புத்தளம் கண்டியரசின் துறைமுகம். ஒல்லாந்தரின் கட்டளை அங்கு செல்லாது. 1692இல் அவர் கண்டியை அடைந்தார். அரசவையிற் செல்வாக்குப் பெற்றிருந்த லனெரோல் என்னும் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என முறையிட்டமையால் சிறைவைக்கப்பட்டார். சிறையிலிருந்தவாறே சிங்கள மொழியைக் கற்றார். நாளடைவிற் காவல் தளர்ந்தது. நகரத்துக் கத்தோலிக்கர் அவரிடம் வரத் தொடங்கினர்.

அவருக்கு விடுதலை பெற்றுத்தந்தது மழை அற்புதம் என்று மரபு கூறும். நாட்டில் வரட்சி நிலவியது. பௌத்த வழிபாடுகள் பயனளிக்கவில்லை. அரசன் வேண்டுகோளின்படி அடிகளார் பீடமமைத்துச் செபிக்க, அவரும் பீடமும் நனையாதிருக்கப் பெருமழை பெய்தது என்பது அக்கதை. அற்புதத்தின் மெய்ம்மையை நிறுவுவதோ மறுப்பதோ எமது பணி அன்று. ஆயின் கதையின் அமைப்பு நோக்கத்தக்கது. மழை பெய்தல் அரசனின் நெறிமுறைக்குச் சான்று என்பது தென்னாசிய அரசியற் சிந்தனையிற் பழமையான கருத்து. மழைக்காக எத்துறவியையும் நாடுதல் அரசனின் கடன். அந்நியரான கத்தோலிக்கக் குருவொருவர், அரசனுக்கு நன்மை பயக்கும் துறவி என்ற பழக்கமான இடத்தில் வைத்து ஏற்றுக்கொள்ளப்பட்டமையையே இக்கதை எமக்கு உணர்த்துகின்றது.

இரண்டாம் விமலதர்மசூரியன் (1687–1707) கத்தோலிக்கச் சார்புடையவன் அல்லன். அவனே 1697ஆம் ஆண்டளவில் அரக்கன் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்து உபசம்பதாவை மீள நிறுவியவன். பௌத்த மறுமலர்ச்சிக்கு வித்திட்ட அரசனே கத்தோலிக்கக் குருமாருக்கும் அடைக்கலம் அளித்தான். கரையோரத்தில் ஒல்லாந்தரால் ஒடுக்கப்பட்ட மக்களின் நல்லெண்ணம் கண்டிக்குப் பயனுடையது. கடல்கடந்த செய்திகளை அறிந்த கல்விமான்கள் அரசவைக்கு வேண்டியிருந்தனர். இவ் அரசியல் நலன்களோடு, பல சமயங்களையும் புரத்தல் அரசனின் இயல்பு என்னும் மரபும் இணைந்து செயற்பட்டது. அடுத்துவந்த நரேந்திரசிங்கனும் (1707–1739) இக்கொள்கையையே கைக்கொண்டான். இவ்வாதரவு நிலையானதன்று என்பதையும் குறிப்பிடல் வேண்டும். சிறீ விஜய ராஜசிங்கன் காலத்தில், 1740களில், குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

1697இற் கண்டியில் வைசூரி பரவியபோது நிகழ்ந்தவை அடிகளாரின் மதிப்பை மக்களிடையே உயர்த்தின. நோயுற்றோரை உறவினரே காட்டில் விட்டுச் செல்வது அக்கால வழக்கு. அரசவையினர் நகரை நீங்கினர். அடிகளாரும் அவருடைய மருகரான யோசேவ் கர்வாலியோ அடிகளாரும் நோயாளரைத் தேடிச் சென்று, குடில்கள் அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற பேதம் பாராட்டவில்லை. பிறப்பாற் பிராமணர் ஒருவர் அயலாரின் புண்ணைக் கழுவியதையும் பிணத்தைச் சுமந்ததையும் சாதியமைப்பு வேரூன்றிய சமூகத்தில் எளிதாகக் கடந்துவிட முடியாது. அவருடைய சபையின் விதிகள் கடக்காத எல்லையை அவருடைய கைகள் கடந்தன.

5. மூப்பரும் அண்ணாவியாரும்

1690களின் நடுப்பகுதி தொடக்கம் கோவாவிலிருந்து மேலும் ஒறற்றோரியன் குருமார் வந்துசேர்ந்தனர். எனினும் தீவு முழுவதற்கும் அவர்கள் மிகச் சிலரே. ஓர் ஊருக்குக் குரு வருவது ஆண்டிற் சில நாட்களே. எஞ்சிய நாட்களிற் சமயத்தை நடத்தியோர் ஊர்மக்களே. கோயிற் காரியங்களை மூப்பர் கவனித்தார். அண்ணாவியார் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறுகளில் மக்களைக் கூட்டி வாசித்தார். அவசர வேளைகளில் ஞானஸ்நானமும் கொடுத்தார். இலங்கைக் கத்தோலிக்கத்தின் உண்மையான முதுகெலும்பு இவ்வமைப்பே எனலாம். நாட்டுக்கூத்தைப் பழக்குபவரைக் குறிக்கும் ‘அண்ணாவியார்’ என்ற சொல்லே கோயிலிலும் வழங்கியமை, சமயமும் கலையும் ஒரே சமூக நிறுவனத்துள் இயங்கியமைக்குச் சான்றாகும்.

குரு இல்லாதபோது நூல் வேண்டும். அச்சியந்திரம் ஒல்லாந்தரிடமே இருந்தது. கத்தோலிக்கரிடம் ஏடும் எழுத்தாணியுமே இருந்தன. 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) அடிகளாரின் வழிகாட்டலில் தமிழிலும் சிங்களத்திலும் புலமை பெற்று, இரு மொழிகளிலும் உரைநடை நூல்கள் பல இயற்றினார். தவக்காலத்தில் வாசிக்கப்பட்டு வந்த ‘வியாகுலப் பிரசங்கம்’ அவர் பெயரால் வழங்குவதாகும். கூடியிருப்போர் கேட்டுருகுமாறு உரத்து வாசித்தற்கென அமைந்த உரைநடை அது. ஈழத்துத் தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆறுமுக நாவலரிலிருந்து மாத்திரம் தொடங்குவோர், அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே ஏட்டுப் பிரதிகளினூடாகப் பரவிய இவ்வுரைநடையையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

ஒரே ஆசிரியர் இரு மொழிகளிலும் எழுதினார் என்பது இன்னொரு வகையிலும் முக்கியமானது. மன்னார் தொடக்கம் நீர்கொழும்பு வரையான கரையோரக் கத்தோலிக்கரிடையே அன்று மொழியெல்லை இறுகிய மதிலாக இருக்கவில்லை. அக்கரையின் தென்பகுதியிற் தமிழ் பேசிய கத்தோலிக்கர் பலர் 20ஆம் நூற்றாண்டிற் சிங்களம் பேசுவோராயினர். பாடசாலையும் கோயிலும் அம்மாற்றத்திற் பங்குகொண்டன.

6. மூன்று நூற்றாண்டுத் தாமதம்

பிரித்தானியர் 1796இற் கரையோரங்களைக் கைப்பற்றினர். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் 1806இல் நீக்கப்பட்டன. ஆயின் சமய சுதந்திரத்தின் பயனைக் கோவாக் குருமார் நெடுங்காலம் அனுபவிக்கவில்லை. போர்த்துக்கல் 1830களில் துறவற சபைகளை ஒழித்தபோது கோவா ஒறற்றோரியன் சபையும் அழிந்தது. 1840கள் முதல் ஐரோப்பிய மிசனறிமார் வந்தனர். அமலமரித் தியாகிகள் சபையினர் 1847இல் வந்தனர். ஆபத்துக் காலத்திற் பணியாற்றிய சுதேசக் குருமார், ஆபத்து நீங்கியபின் கல்வி போதாதவராகவும் நிருவாகத் திறமையற்றவராகவும் கணிக்கப்பட்டனர். இலங்கையர் ஒருவர் கொழும்பின் பேராயராவதற்கு 1947 வரையும், யாழ்ப்பாணத்தின் ஆயராவதற்கு 1950 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடிகளாரைப் புனிதராக்கும் முயற்சி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கியது. அவரது சமகாலத்தவரும் போர்த்துக்கேயப் பிரபுக் குடும்பத்தவருமான யோவான் தெ பிரித்தோ, இராமநாதபுரச் சீமையில் ஓரியூரிற் 1693இற் கொல்லப்பட்டார். அவர் 1853இல் முத்திப்பேறு பெற்றவராகவும் 1947இற் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். யோசேவ் வாஸ் முத்திப்பேறு பெற்றவரானது 1995 சனவரி 21ஆம் திகதியிலாகும். இரத்தசாட்சிகளுக்குரிய விதிமுறை வேறு என்பது உண்மையே. எனினும் புனிதர் பட்டத்துக்கான வழக்கு தானே நடவாது. அதனை நடத்துவதற்கு வாழும் சபையும் பணமும் உரோமையிற் செல்வாக்கும் வேண்டும். பிரித்தோவுக்கு இயேசு சபை இருந்தது. வாஸ் அடிகளின் சபையோ 19ஆம் நூற்றாண்டில் இல்லாதொழிந்தது. 20ஆம் நூற்றாண்டில் எஸ். ஜி. பெரேரா அடிகளின் வரலாற்று நூலும், வி. பெர்னியோலா அடிகள் தொகுத்து மொழிபெயர்த்த ஆவணங்களுமே அவ்வழக்கிற்கு வேண்டிய அறிவுத்தளத்தை வலுப்படுத்தின. சுதேசத் திருச்சபை வலுப்பெற்ற பின்னரே சுதேசப் புனிதரும் தோன்றினார்.

7. நினைவும் பயன்பாடும்

பௌத்த அரசனின் நிழலில் வாழ்ந்த அடிகளாருக்கு 1995இல் முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டபோது, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தமது நூலொன்றிற் பௌத்தம் பற்றி எழுதியிருந்த கருத்துக்களை எதிர்த்துப் பௌத்த பீடத்தலைவர்கள் சர்வமதச் சந்திப்பைப் பகிஷ்கரித்தனர். 2015இல், உள்நாட்டுப் போர் முடிந்து ஆறாண்டுகள் நிறைவுறுமுன், இரண்டாவது அற்புதம் வேண்டும் என்ற வழமையான நிபந்தனையைத் தளர்த்திப் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். அன்று பிற்பகலே மடுவுக்குச் சென்றார். ஒல்லாந்தர் காலத்திற் புகலிடமான அதே மடுவில், 1999 நவம்பரில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் ஷெல் வீச்சிற்குப் பலியாயினர். 2008இல் மாதாவின் திருவுருவமே மீண்டும் இடம்பெயர நேர்ந்தது.

இச்சூழலில் அடிகளார் தேசிய நல்லிணக்கத்தின் குறியீடாக முன்வைக்கப்படுகின்றார். இது வரவேற்கத்தக்கதே. ஆயின் குறியீடு வரலாற்றை விழுங்கிவிடல் ஆகாது. இரு மொழிகளையும் பேசிய குருவைப் பீடத்தில் ஏற்றிய அதே திருச்சபை, போர்க்காலத்திற் சிங்கள ஆயர், தமிழ் ஆயர் என இரு குரல்களிற் பேசியதை மறந்துவிட முடியாது. நல்லிணக்கத்தை ஒரு புனிதரின் உருவத்திடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருப்பது, அவரை உண்மையில் மதிப்பதாகாது.

முடிவாக, யோசேவ் வாஸ் அடிகளாரின் வாழ்வு மூன்று உண்மைகளை எமக்கு உணர்த்துகின்றது. ஒரு சமயத்தின் தோற்றத்தைக் கொண்டு அதன் பிற்கால வரலாறு முழுவதையும் தீர்மானித்தல் பொருந்தாது. ஆதிக்கத்தின் சமயம் ஒடுக்கப்பட்டோரின் சமயமாக மாறுதல் கூடும். பண்டைய அரசுகளின் சகிப்புத்தன்மை வெறும் நற்பண்பு அன்று. அது அரசியல் நலன்களோடு பிணைந்தது. அந்நலன்கள் மாறியபோது தானும் மாறியது. மூன்றாவதாக, வரலாற்றிற் பெயர் பெற்றவர்களைப் பெயரற்றோரே தாங்கி நின்றனர். கஞ்சி வார்த்த பெண்ணும், கண்டிச் சிறைவரை உடன்சென்ற ஜோவானும், கோட்டை வேலையில் உயிர் நீத்தோரும், ஊர்தோறும் ஏடு வாசித்த அண்ணாவிமாரும் எப்பீடத்திலும் ஏற்றப்படவில்லை. கோயிற் பதிவேடுகளிலும் ஊர் மரபுகளிலும் ஏட்டுப் பிரதிகளிலும் சிதறிக்கிடக்கும் அவர்களின் வரலாற்றைத் தேடித் தொகுப்பது எமது பல்கலைக்கழகங்களின் முன்னுள்ள கடமையாகும். போரினாலும் இடப்பெயர்வினாலும் அச்சான்றுகள் பெருமளவில் அழிந்துவிட்டன. எஞ்சியவையும் அழியுமுன் அக்கடமை நிறைவேற்றப்படல் வேண்டும்.